வழியனுப்பி வைக்கும் பெட்டி: 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்றின் மூன்றாண்டு மதிப்புரை

இந்த மதிப்புரையை எழுத மூன்று ஆண்டுகள் காத்திருந்தேன். பிரஷர் குக்கரையும் செருப்பையும் வாங்கிய ஒரு வாரத்தில் எடைபோட்டுவிடலாம், மின்சாரம் போனதும் கணினியைச் சிறிது நேரம் பேட்டரியில் ஓடவைக்கும் யு.பி.எஸ். அப்படிப்பட்ட பொருள் அல்ல. புதிதில் எல்லா யு.பி.எஸ்.களும் நன்றாகத்தான் உழைக்கும், மறுவீடு முடியும்வரை எல்லா மாப்பிள்ளைகளும் நல்லவர்களாக இருப்பதைப்போல. அதன் உண்மையான குணம் முதல் கோடைக்குப் பிறகு தெரியத் தொடங்கி, இரண்டாவது கோடையில் உறுதிப்பட்டு, மூன்றாவது கோடையில் வயிற்றைத் திறந்து பேட்டரியை மாற்றும் நிலைக்குக் கொண்டுவந்து விடுகிறது. நான் அந்த மூன்றாவது கோடையையும் கடந்துவிட்டேன் என்பதால் இப்போது பேசலாம் என்று நினைக்கிறேன்.

நான் பதிப்பகங்களுக்குப் புத்தகப் பக்கங்களை வடிவமைத்துக் கொடுப்பவள். குரோம்பேட்டையில் வாடகை வீடு. கூடத்தின் மூலையில், சாப்பாட்டு மேசைக்கு மூன்றடி தள்ளி, என் மேசைக் கணினி இருக்கிறது. மடிக்கணினி வாங்கிக்கொண்டால் யு.பி.எஸ்.ஸே வேண்டாமே என்று கேட்பவர்கள் நியாயமாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் நாள் முழுதும் ஒற்றுப்பிழைகளையும் வரி உடைவுகளையும் உற்றுப் பார்க்கும் கண்ணுக்கு 24 அங்குல மானிட்டர் தேவைப்படுகிறது, அது வந்துவிட்டால் மடிக்கணினிக்கு மடியில் வேலை இல்லை. 2022 ஜூன் மாதத்தில் ஒரு மாலை, 340 பக்கமுள்ள வட்டார வரலாற்று நூல் ஒன்றின் சொல்லடைவை முடிக்கும் தறுவாயில் மின்சாரம் போயிற்று. போனது இரண்டே விநாடிகள். திரும்பி வந்தபோது விளக்கு எரிந்தது, மின்விசிறி சுற்றியது, சொல்லடைவு மட்டும் ககர வரிசைக்குப் பின்வாங்கியிருந்தது. "கரண்ட்தான் வந்துடுச்சே, இன்னும் ஏம்மா தலையில கை வச்சுட்டு உக்காந்திருக்க?" என்று கேட்டார் அத்தை. என் கணவரின் தாயாரான அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. சொல்லடைவு என்றால் என்னவென்று அவருக்கு நன்றாகவே தெரியும், கணினி அதை விழுங்கும் என்பதுதான் தெரியாது. மறுநாள் காலை ரிச்சி தெருவுக்குப் புறப்பட்டேன்.

அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பும் அந்தத் தெருவில் கணினி உலகத்துப் பொருள் அனைத்தும் கிடைக்கும், நடக்க இடம் மட்டும் கிடைக்காது. நான் நுழைந்த கடையில் யு.பி.எஸ். பெட்டிகள் செங்கல் அடுக்குவதுபோல் கூரைவரை அடுக்கப்பட்டிருந்தன. "அண்ணே, இது எத்தனை நிமிஷம் தாங்கும்?" என்று கேட்டேன். "தாங்குறதுக்கு இல்ல மேடம் இது, ஷட் டவுன் பண்றதுக்கு" என்றார் கடைக்காரர். கேள்வியிலிருந்து நழுவுகிறார் என்று அன்று எண்ணிக்கொண்டேன், ஏனென்றால் அவர் கையிலிருந்த பெட்டியின் மேலேயே 30 நிமிடம் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. அந்த எண்ணின் தோளில் ஒரு நட்சத்திரக் குறி இருந்ததையும், அந்த நட்சத்திரத்தின் விளக்கம் பெட்டியின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் இருந்ததையும் வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். எழுத்துருவின் அளவைப் பார்த்துப் பிழைப்பு நடத்துகிற நானே ஏமாந்தேன் என்பதால் மற்றவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ரூ. 3,100 கொடுத்தேன்.

நிறுவனத்தின் பெயரை எழுதாமல் விடுகிறேன். சில குறைகளைச் சொல்லப்போகிறேன் என்பது ஒரு காரணம். இந்த விலைக்கு விற்கும் பெட்டிகள் பெரும்பாலும் ஒரே சமையல்தான் என்பது இன்னொன்று. மேலே கறுப்பு பிளாஸ்டிக், உள்ளே ஒரு செப்புக்கம்பி மின்மாற்றி, ஒரு சர்க்யூட் போர்டு, மின்சாரத்தால் தானே மாறும் சுவிட்சுகளான இரண்டு மூன்று ரிலே, செங்கல் அளவில் ஒரு பேட்டரி. முகப்பில் ஒட்டும் பெயர்ப்பட்டையை மாற்றினால் இந்த மதிப்புரையில் பாதி வேறு பெட்டிகளுக்கும் பொருந்தும்.

முதலில் 600 என்ற எண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் வாங்குபவர்களில் பலர் அதை 600 வாட் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வி.ஏ. என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவது. வாட் என்பது அதில் உண்மையாக வேலை செய்யும் பகுதி. பலாப்பழத்தை முழுதாக நிறுத்தால் வரும் எடை வி.ஏ., சுளையை மட்டும் நிறுத்தால் வரும் எடை வாட். என் பெட்டியின் பின்புறத்தில், சுவரைப் பார்த்த பக்கத்தில், 360 வாட் என்று எழுதியிருக்கிறது. விற்பவர் முழுப் பழத்தின் எடையை முகப்பில் போடுகிறார், நாம் சுளையைத்தான் சாப்பிடப்போகிறோம். இதில் சட்டப்படி தவறு எதுவும் இல்லை, தோலும் சடையும் பலாப்பழத்தைச் சேர்ந்தவைதானே.

என் கணினியும் மானிட்டரும் சேர்ந்து ஏறத்தாழ 120 வாட் எடுக்கின்றன. நண்பரிடம் கடன் வாங்கிய மீட்டரை பிளக்கில் செருகி அளந்து பார்த்தேன். பேட்டரியின் மேல் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி என்று இருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் 84 வாட் மணி. 120 வாட் எடுக்கும் கணினி இதில் 42 நிமிடம் ஓடவேண்டும் என்று பள்ளிக்கூடத்துக் கணக்கு சொல்கிறது. புதுப் பேட்டரியோடு நான் கடிகாரத்தை வைத்துப் பார்த்தபோது 18 நிமிடத்தில் அடங்கிவிட்டது. மிச்சம் 24 நிமிடத்தை யார் தின்றார்கள் என்று தேடியபோதுதான் ஒரு ஜெர்மானியர் அறிமுகமானார். வில்ஹெல்ம் பொய்க்கெர்ட் என்பவர் 1897-இலேயே, ஈய அமில பேட்டரியிலிருந்து மின்சாரத்தை எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறோமோ அவ்வளவு குறைவாகத்தான் மொத்தத்தில் கிடைக்கும் என்பதற்கு ஒரு சூத்திரம் எழுதிவைத்திருக்கிறார். பேட்டரியின் மேல் உள்ள 7 என்ற எண், அதை 20 மணி நேரம் நிதானமாக, 0.35 ஆம்பியர் வீதம் பருகினால் கிடைக்கும் அளவு. என் கணினியோ, மாற்றத்தில் வீணாவதையும் சேர்த்தால், ஏறத்தாழ 12 ஆம்பியர் வீதம் மடக்மடக்கென்று குடிக்கிறது. பேட்டரித் தொழிலில் எண்களைப் பற்றி உண்மை பேசியவரின் பெயர் பொய்யில் தொடங்குவது தமிழில் படிப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும் சிறு மகிழ்ச்சி.

இந்தப் பேட்டரியின் குலமும் பழையது. 1859-இல் பிரான்சு நாட்டின் காஸ்டன் பிளான்தே செய்து காட்டிய அதே ஈயமும் அதே கந்தக அமிலமும்தான் இன்றும் உள்ளே இருக்கின்றன. கையடக்கக் கருவிகளெல்லாம் லித்தியத்துக்கு மாறிய பிறகும் மேசைக்கடியில் இந்தப் பழைய வேதியியல் நிலைத்திருக்கக் காரணம் விலைதான். எடையைப் பற்றி மேசைக்குக் கவலை இல்லை. தொடர்ந்து சார்ஜில் வைத்திருந்தாலும் முகம் சுளிக்காமல் கிடக்கும் பொறுமை அதற்கு உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மின்சாரம் போகும் அந்தக் கணத்தில் பெட்டி என்ன செய்கிறது என்பதுதான் இதன் கலைத்திறன் வெளிப்படும் இடம், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடி. மின்சாரம் நின்றதும் அதை உணர்ந்து, ரிலேயைத் தட்டி, பேட்டரியின் 12 வோல்ட்டை 230 ஆக ஏற்றிக் கொடுக்க இந்தப் பெட்டி எடுத்துக்கொள்ளும் நேரம் 10 மில்லி விநாடிக்குள் என்று கையேடு சொல்கிறது. அந்த இடைவெளியில் கணினிக்கு உண்மையில் மின்சாரமே கிடையாது. ஆனாலும் அது அணைவதில்லை. கணினியின் பவர் சப்ளைக்குள் இருக்கும் பெரிய மின்தேக்கிகள், ஒரு சுற்றுக்குச் சற்றே குறைவான நேரம் பட்டினியைத் தாங்கும் அளவுக்கு மின்னூட்டத்தைச் சேமித்து வைத்திருக்கின்றன. தடையில்லா மின்சாரம் என்று பெயர் வைத்துக்கொண்டு விற்கப்படும் பொருள் ஒரு சிறு தடையைச் செய்துவிட்டு, அதை மறைக்கும் பொறுப்பைக் கணினியின் தலையில் கட்டுகிறது என்பதே நடப்பு. இடைவெளியே இல்லாமல் எப்போதும் தானே அலையை உருவாக்கிக் கொடுக்கும் ஆன்லைன் வகை யு.பி.எஸ்.களும் உண்டு, அவை மருத்துவமனைக்கும் வங்கிக்கும் உரியவை, அவற்றின் விலையையும் மின்விசிறி இரைச்சலையும் என் கூடம் தாங்காது.

இன்னொரு ரகசியம், பேட்டரியில் ஓடும்போது இது கொடுப்பது நிஜமான அலையே அல்ல. சுவரிலிருந்து வரும் மின்சாரம் கடல் அலைபோல் வழவழப்பாக ஏறி இறங்கும், அதற்குச் சைன் அலை என்று பெயர். 230 வோல்ட் என்று நாம் சொல்லும் அந்த அலையின் உச்சி 325 வோல்ட்டைத் தொடும். இந்தப் பெட்டி கொடுப்பதோ படிக்கட்டு: சுழி, மேலே ஒரு தாவல், மீண்டும் சுழி, கீழே ஒரு தாவல். கையேட்டில் இதற்கு மரியாதையாகச் சைன் அலையை ஒத்த வடிவம் என்று பெயர். மணப்பெண்ணை ஒத்த தோழி என்பதுபோல. விலையுயர்ந்த சில கணினிகளின் பவர் சப்ளை இந்தப் படிக்கட்டைக் கண்டால் முறைத்துக்கொண்டு அணைந்துவிடுவதுண்டு. என் கணினியின் பவர் சப்ளை அவ்வளவு உயர்குலத்துப் பிறந்ததல்ல, கிடைத்ததைச் சாப்பிட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறது. ஒருமுறை புழுக்கம் தாங்காமல் மேசை மின்விசிறியை இதில் செருகினேன். காற்று வந்தது, கூடவே வண்டு ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டதுபோல் ரீங்காரமும் வந்தது. உங்கள் கணினி புதியது, விலை கூடியது என்றால் தூய சைன் அலை தரும் யு.பி.எஸ். வாங்குவதே நல்லது, விலை இரண்டு மூன்று மடங்கு ஆகும்.

எந்த இடத்தில் இந்தப் பெட்டி தன் சம்பளத்துக்கு நிஜமாக உழைக்கிறது என்று கேட்டால், நான் எதிர்பார்க்காத இரண்டு இடங்களைச் சொல்வேன். மாலை ஏழு மணிக்கு எங்கள் தெருவின் எல்லா ஏசிகளும் ஒன்றாக விழித்துக்கொள்ளும்போது மின்னழுத்தம் இறங்கும், குழல்விளக்கு கண்சிமிட்டும். அப்போது உள்ளே டக் என்று ஒரு ஓசை கேட்கும். ரிலே ஒன்று மின்மாற்றியின் வேறொரு சுற்றுக்குத் தாவி, இறங்கிய மின்னழுத்தத்தைத் தூக்கிக் கொடுக்கிறது. பேட்டரியைத் தொடவே இல்லை. பழைய வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே இருந்த ஸ்டெபிலைசரின் ஆவி இதற்குள் குடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சில மாலைகளில் டக், டக், டக் என்று பல்லியைப்போல் சொல்லிக்கொண்டே இருக்கும், அத்தை அதற்குப் பலன்கூடப் பார்த்திருக்கிறார்.

இரண்டாவது இடம் அந்த இரண்டு விநாடித் தடைகள். யு.பி.எஸ். வாங்கும்போது நம் மனத்தில் இருப்பது நீண்ட மின்வெட்டு. 2012-ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலத்தைச் சென்னைக்கு வெளியே வாழ்ந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் எலும்பில் ஊறியது; நானும் அப்போது திருச்சியில் கைவிசிறியோடு தேர்வுக்குப் படித்தவள்தான். ஆனால் வாங்கிய முதல் ஆண்டில் சில மாதங்கள் ஒரு நோட்டில் குறித்து வைத்தபோது, பாதிக்கும் மேற்பட்ட தடைகள் ஒரு நிமிடத்தைத் தாண்டாதவை என்று தெரிந்தது. காற்றில் தென்னை மட்டை கம்பியில் உரசும், எங்கோ ஒரு ஃபியூஸ் போடப்படும், ஈ.பி.க்காரர் லைன் மாற்றுவார். விளக்கு ஒரு தடவை கண்ணை மூடித் திறக்கும், அவ்வளவுதான். மனிதருக்கு அது தடையே அல்ல, கணினிக்கு அது மரணம். இத்தகைய சிறு தடைகளில் இந்தப் பெட்டி மூன்று ஆண்டுகளில், கடைசிச் சில வாரங்கள் நீங்கலாக, ஒருமுறைகூடத் தவறவில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து பிற்பகல் வரை மின்சாரத்தை நிறுத்தும் நாள்களிலோ, வர்தா போன்ற புயல் வந்துபோன பிறகான இருட்டிலோ இது எதற்கும் ஆகாது. அதற்கு இது வாங்கப்படவும் இல்லை என்று ரிச்சி தெருக் கடைக்காரர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

இனி இதன் குரல். மின்சாரம் நின்றால் சில விநாடிகளுக்கு ஒருமுறை பீப் என்று கத்தும், பேட்டரி தீரும் தறுவாயில் இடைவிடாமல் கத்தும். மின்சாரம் போனது விளக்கு அணைந்ததிலேயே வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அதற்குமேல் ஒரு பெட்டி வந்து சாட்சி சொல்லவேண்டியதில்லை. இரவு இரண்டு மணிக்குக் கணினியே ஓடாதபோதும் அது இந்தச் சேதியை வீடு முழுக்கச் சொல்லும். பெட்டியில் ஒலியை நிறுத்தும் பொத்தான் கிடையாது. பெரிய குறை என்று நான் முதலில் எழுதிவைத்தது இதைத்தான்.

ஆனால் பின்புறத்தில் யு.எஸ்.பி. வாய் ஒன்று இருந்தது, கூடவே அதற்கான மென்பொருள் ஒரு குறுந்தகட்டில் வந்திருந்தது. என் கணினியில் குறுந்தகட்டைப் போட இடமே இல்லை. அது இப்போது துளசி மாடத்தருகே அணில் வராமலிருக்கக் கட்டித் தொங்கவிடப்பட்டு, நல்ல பலன் தருகிறது. நான் லினக்ஸ் பயன்படுத்துவதால் நெட்வொர்க் யு.பி.எஸ். டூல்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவினேன். இத்தகைய மலிவுப் பெட்டிகளில் பலவும் மெகாடெக் என்ற பழைய உரையாடல் முறையில் பேசுகின்றன என்று அப்போதுதான் அறிந்தேன். அந்த மொழி மிகவும் எளியது. "க்யூ 1" என்று கேட்டால் உள்ளே வரும் மின்னழுத்தம், வெளியே போவது, சுமை எத்தனை விழுக்காடு, அலைவெண், பேட்டரியின் வோல்ட், வெப்பநிலை என்று ஒரே வரியில் ஒப்பித்துவிடும். "டி" என்றால் பத்து விநாடி பேட்டரிக்கு மாறித் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். வெறும் "க்யூ" என்றால் வாயை மூடிக்கொள்ளும். அந்த ஒற்றை எழுத்தைக் கண்டுபிடித்த இரவு நான் அடைந்த நிம்மதியை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை: அது நிறுத்தவும் தொடங்கவும் ஒரே கட்டளை, ஆகையால் உறுதிக்காக இரண்டு முறை அனுப்பினால் மறுபடியும் கத்தும். இதையும் இரவு இரண்டு மணிக்குத்தான் கற்றேன்.

வெப்பநிலையைப் பற்றி ஒரு வார்த்தை. என் பெட்டி எப்போது கேட்டாலும் 25.0 டிகிரி என்றே பதில் சொல்லும். அக்னி நட்சத்திரத்தில், கூடத்துச் சுவரைத் தொட்டால் கை சுடும் பிற்பகலிலும் அதன் உள்ளே ஊட்டிதான். உள்ளே வெப்பமானியே இல்லை, கேட்பவர் மனம் நோகாமலிருக்க ஒரு எண்ணை எழுதிவைத்திருக்கிறார்கள் என்பது என் ஊகம். இதில் வேடிக்கை, ஈய அமில பேட்டரியின் ஆயுளைக் கணக்கிடுவதும் அதே 25 டிகிரியை வைத்துத்தான். அதற்குமேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் வழங்கும் வாய்ப்பாடு. ஆகவே அந்தப் பொய் எண்ணை நம்பினால் பேட்டரி நீண்ட நாள் வாழவேண்டும், நம் ஊர் வெயிலை நம்பினால் வாழாது. என் பேட்டரி வெயிலை நம்பியது.

தானாக அணைக்கும் ஏற்பாட்டையும் அதே மென்பொருளில் செய்துகொண்டேன். பேட்டரி தீரப்போகிறது என்று பெட்டி சொல்லும்வரை காத்திருப்பது இயல்பான முறை; ஆனால் என் பெட்டி அந்தச் சேதியைச் சொல்லிவிட்டு அடுத்த மூச்சிலேயே உயிரை விடும் குணம் உடையது. மூன்று நிமிடத்துக்குள் மின்சாரம் திரும்பாவிட்டால் கணினியை ஒழுங்காக அணைத்துவிடு என்று ஒரு நேரக்கணக்கை வைத்த பிறகு, நான் கடைக்குப் போயிருந்தாலும் கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன. கண்ட்ரோல் எஸ் அழுத்தும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடவில்லை, அது மென்பொருளின் பொறுப்பல்ல.

மிக்சி விவகாரத்தைச் சொல்லாமல் இந்த மதிப்புரை முழுமை பெறாது. ஒரு பராமரிப்பு நாளின் காலை, ஒன்பது மணி மின்தடையை மறந்துபோன வீட்டில் தேங்காய்ச் சட்னி பாதி அரைபட்டு நின்றது. நான் கணினியை அணைப்பதற்கு முன் கடைசியாக ஒரு பக்கத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை மிக்சியைக் கையில் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து, யு.பி.எஸ்.ஸின் பின்னால் காலியாக இருந்த இடத்தில் செருகிச் சுவிட்சைத் திருகினார். 550 வாட் மிக்சி அது. அதன் மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு மின்னோட்டத்தை ஒரு கணம் இழுக்கும். சுளையின் எடை 360 என்று முன்பே சொன்னேன். பெட்டி ஒரே ஒரு நீண்ட ஓலமிட்டது, பிறகு அதுவும் கணினியும் மிக்சியும் ஒன்றாக அமைதியடைந்தன. "அதுலதான் கரண்ட் இருக்கேன்னு பார்த்தேன்" என்றார் அத்தை. அவருடைய தர்க்கத்தில் எந்தப் பிழையும் இல்லை. கரண்ட் இருந்த இடம் வீட்டிலேயே அது ஒன்றுதான். பெட்டியின் பாதுகாப்புச் சுற்று எதையும் எரியவிடாமல் உடனே நின்றது என்பதைப் பாராட்டிச் சொல்லவேண்டும்: அரை மணி நேரம் கழித்துப் பொத்தானை அழுத்தியதும் எழுந்துகொண்டது. அந்த ஒரு பக்கம் போனது, சட்னி கொரகொரப்பாகவே பரிமாறப்பட்டது. இதே காரணத்துக்காக லேசர் பிரிண்டரையும் இதில் செருகக்கூடாது. மையை உருக்கும் அதன் சூட்டு உருளை மிக்சிக்கு அண்ணன்.

பேட்டரியின் சரிவு படிப்படியாக நிகழ்ந்தது. முதலில் 18 நிமிடம். ஓராண்டு கழிந்தபோது 12. இரண்டாவது கோடைக்குப் பிறகு ஐந்து. 2025 மே மாதத்தில் ஒருநாள் மின்சாரம் போனபோது பெட்டி ஒரு பீப்பை முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை. எனக்கு வருத்தமளித்தது, கெட்டுப்போனதை அது தானாகச் சொல்லவே இல்லை என்பதுதான். முகப்பில் பச்சை விளக்கு கடைசிவரை மங்களகரமாக எரிந்துகொண்டிருந்தது. நிறுவனத்தின் சேவை எண்ணை அழைத்தேன். "கரண்ட் இருக்கும்போது கம்ப்யூட்டர் வேலை செய்யுதா மேடம்?" என்று கேட்டார் மறுமுனையில் இருந்தவர். செய்கிறது என்றேன். "அப்ப பிரச்சினை இல்லையே" என்றார். யு.பி.எஸ். எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதை நான் விளக்க முற்பட்டபோது, வீட்டில் சார் இருந்தால் கொடுக்கச் சொன்னார். சாருக்கு ஃபேஸ் எது நியூட்ரல் எது என்றே தெரியாது என்பதை அவரிடம் சொல்லவில்லை, குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறது.

பேட்டரியை நானே மாற்றினேன். மின்சாரத்திலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியை அணைத்து, நான்கு திருகுகளைக் கழற்றி, சிவப்பு கறுப்பு ஒயர்களைப் பேட்டரியின் தகட்டு முனைகளிலிருந்து இழுத்தெடுக்கவேண்டும், அவ்வளவே. கேட்க எளிதாக இருக்கிறது. என் பேட்டரி மூன்று கோடைகளில் வயிறு உப்பி, பிறந்த வீட்டைவிட்டு வரமாட்டேன் என்று கூட்டுக்குள் இறுகிப்போயிருந்தது. இரவும் பகலும் சார்ஜில் கிடந்து, வெயிலில் உள்ளிருக்கும் நீரை இழந்து, இந்த வகை பேட்டரிகள் இப்படி வீங்குவது வழக்கம்தான். அதன் மேல் பராமரிப்பு தேவையற்றது என்று அச்சிட்டிருந்தது. மூடி திறக்க வழியில்லாத பொருளுக்கு யாரும் பராமரிப்புச் செய்ய முடியாது என்பதால் அதை மறுக்கவும் முடியாது. நெம்பும்போது இரண்டு முனைகளையும் ஒரே இரும்புக் கருவி தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். 12 வோல்ட் நமக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் குறுக்குச் சுற்றில் பறக்கும் பொறி திருப்புளியின் நுனியையே உருக்கிவிடும்.

புதிய பேட்டரி ரூ. 1,050, பழையதைக் கொடுத்ததால் நூறு ரூபாய் குறைத்துக்கொண்டார்கள். பழையதைத் தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் போடாமல் கடையிலேயே கொடுப்பது நல்லது. உள்ளே ஈயமும் அமிலமும் இருக்கின்றன. ஈயத்தை உருக்கி மறுபடி பேட்டரியாக்கும் தொழில் முறையாக நடக்க வழி இருக்கும்போது, அதை யாரோ ஒரு சந்தில் வெறும் கையால் உடைக்கவேண்டியதில்லை. தயாரிப்பவர்களே பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறப் பொறுப்பேற்கவேண்டும் என்று 2022-இல் மத்திய அரசு விதிகளையும் கொண்டுவந்திருக்கிறது.

இணைய இணைப்புக்காக மட்டும் இதை வாங்க நினைப்பவர்களுக்கு: வேண்டாம். ரூட்டர் பத்து வாட் அளவில்தான் எடுக்கும், அதுவும் பெரும்பாலும் 12 வோல்ட் நேர்மின்சாரமாக. பேட்டரியின் 12 வோல்ட்டை 230 ஆக ஏற்றி, அதை அடாப்டர் மறுபடியும் 12 ஆக இறக்குவது, மாடியில் குடியிருப்பவருக்குக் கடிதம் கொடுக்கத் தபால் நிலையம்வரை போய்வருவது போன்றது. வழியிலேயே நிறைய செலவாகிவிடும். அதற்கென்றே உள்ளங்கை அளவில் லித்தியம் பேட்டரி வைத்த சிறு யு.பி.எஸ். விற்கிறது, அது மணிக்கணக்கில் ஓடும். ஃபைபர் இணைப்பில் நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையே ஒளியைப் பிரிக்கும் பெட்டிகளுக்கு மின்சாரம் தேவையில்லை என்பதால், தெருவே இருண்டாலும் இணையம் வரும் வாய்ப்பு உண்டு. உங்கள் கேபிள்காரர் தெருக்கம்பத்தில் மின்சாரம் தின்னும் பெட்டி ஒன்றைக் கட்டிவைத்திருந்தால் அந்த வாய்ப்பும் போயிற்று.

வீட்டில் ஏற்கெனவே பெரிய இன்வெர்ட்டர் இருந்தால், அதன் முகப்பில் யு.பி.எஸ். என்ற நிலைக்கு மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அந்த நிலையில் கணினி அணையாமல் தப்பிவிடக்கூடும், இந்தச் செலவே மிச்சம். மடிக்கணினிக்காரர்கள் இந்த வரியோடு விடைபெறலாம். சொந்த இன்வெர்ட்டர் இல்லாத வாடகை வீட்டில், மேசைக் கணினியில், சேமிக்க மறந்தால் அழுகை வரும் வகையான வேலை செய்பவர்களுக்கு இந்தப் பெட்டியை நான் பரிந்துரைப்பேன், இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பேட்டரியின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்வார்கள் என்றால். ஐந்துக்கு மூன்றரை. அரை மதிப்பெண்ணைப் பச்சை விளக்கு இழந்தது, ஒன்றைச் சேவை எண் இழந்தது.

புதுப் பேட்டரி போட்ட அன்று, அதன் மேல் தேதியை எழுதி ஒட்டினேன். பெட்டியின் பின்னால், காலியாக இருக்கும் அந்த இடத்துக்கு மேலே, "இது மிக்சிக்கு அல்ல" என்று ஒரு சீட்டையும் ஒட்டிவைத்தேன். மறுநாள் காலை பார்த்தபோது "அல்ல" சிவப்பு மையில் அடிக்கப்பட்டு, அருகில் அழகான கையெழுத்தில் "அன்று" என்று திருத்தப்பட்டிருந்தது.